பாதியில் வண்டி மாறினால் பாலிசி யாருடையது?

2024 அக்டோபரில் நான் வண்டி மாற்றினேன். காட்பாடி காந்தி நகரிலிருந்து குடியாத்தம் பக்கத்துப் பள்ளிக்கு ஏழு ஆண்டுகள் என்னைச் சுமந்த சிறிய கார் அப்போதும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களும் தேய்ந்து, தாழ்வான இருக்கையில் உட்காரவும் எழவும் இருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. மாதம் இருமுறை மருத்துவமனைக்குப் போய்வரும்போதெல்லாம் வலியில் அவர் முகம் சுருங்குவதைப் பார்த்த பிறகு, ஏறி இறங்க வசதியாகச் சற்று உயரமான வண்டி ஒன்றை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தோம். சத்துவாச்சாரியில் எனக்குத் தெரிந்த ஒருவர், வேலை மாற்றலாகி ஓசூருக்குப் போவதால், 2020 மார்ச்சில் புதிதாக எடுத்த தம்முடைய காரை விற்கப்போவதாகச் சொன்னார். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், அக்டோபர் 21 அன்று, பணத்தைக் கொடுத்து, விற்பனைக் கடிதத்திலும் உரிமை மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாவியைப் பெற்றுக்கொண்டேன்.

இன்சூரன்ஸ் பற்றி அன்று நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். “மார்ச் 9 வரைக்கும் இருக்கு சார், ஃபுல் கவர். இப்போதைக்கு நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்” என்றார் அவர். அதில் பொய் எதுவும் இல்லை. பாலிசி உண்மையிலேயே நடப்பில் இருந்தது. என் பழைய காருக்கும் 2025 ஜூன் 17 வரை பாலிசி இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு முறைகூடக் கிளெய்ம் கேட்காததால் அதில் பிரீமியக் கழிவான நோ கிளெய்ம் போனஸ் உச்ச அளவான 50 விழுக்காட்டில் நின்றது. இரண்டு வண்டிகள், இரண்டு பாலிசிகள், இரண்டுக்கும் காலக்கெடு இருக்கிறது என்ற நிம்மதியில் நான் இருந்தேன். வாங்கிய வண்டியின் ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு நீக்கப்படாமல் இருந்ததால், அதை நீக்குவதற்கான 35 எண் படிவம் வங்கியிலிருந்து வந்துசேர நாளாகும் என்றார்கள். முதலில் கடன் பதிவு நீங்கட்டும், பிறகு ஆர்.சி.யில் பெயர் மாறட்டும், கடைசியாக இன்சூரன்ஸை மாற்றிக்கொள்ளலாம் என்று நானே ஒரு வரிசையை வகுத்துக்கொண்டேன். பிறகு நேர்ந்த இழப்புக்கெல்லாம் காரணம் அந்த வரிசைதான்.

நவம்பர் 13 மாலை, பள்ளி முடிந்து வரும் வழியில் வேலூரில் ஒரு வேலையை முடித்துவிட்டுப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து விருதம்பட்டு வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல மழை. முன்னால் போன சரக்கு வண்டி சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தும் சக்கரம் வழுக்கி, என் வண்டி அதன் பின்புறத்தில் மோதியது. யாருக்கும் காயமில்லை என்பதையும், அம்மா அன்று வண்டியில் இல்லை என்பதையும் இன்றுவரை பெரும் பேறாகவே நினைக்கிறேன். சரக்கு வண்டிக்குக் கீறல்கூட விழவில்லை. என் வண்டியில் முன்பக்க பம்பர் உடைந்து, ஒரு விளக்கு சிதறி, பானெட் மடங்கிவிட்டது. மறுநாள் ஒர்க்ஷாப்பில் 46,300 ரூபாய்க்கு மதிப்பீடு கொடுத்தார்கள்.

பாலிசியில் இருந்த எண்ணுக்குத் தகவல் சொன்னேன். இரண்டு நாளில், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தார். படங்களை எடுத்துக்கொண்டு, ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துவிட்டு, “வண்டி உங்களுடையதா, பாலிசியில் பெயர் உள்ளவருடையதா?” என்று கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் வண்டி கைமாறிய தேதியை மட்டும் இரண்டு முறை கேட்டுக் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் கிளெய்ம் மறுக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. கடிதத்தின் சாரம் இதுதான்: விற்றவருக்கு இப்போது வண்டியில் உரிமை இல்லை, வாங்கியவருக்குப் பாலிசியில் பெயர் இல்லை, ஆகவே இந்தச் சேதத்துக்கு இழப்பீடு கேட்கத் தகுதியுள்ளவர் யாருமில்லை.

கடிதம் வருவதற்கு முன்பே, விவரம் அறிந்த சிலர் எனக்கு ஒரு குறுக்குவழியைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆர்.சி. இன்னும் விற்றவர் பெயரில்தானே இருக்கிறது, வண்டி இன்னும் அவருடையதுதான், நண்பர் என்ற முறையில் நான் இரவல் வாங்கி ஓட்டினேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பணம் வந்துவிடும் என்பது அந்த யோசனை. விற்றவரும் நல்ல மனத்தோடு, “நான் வேணும்னா கையெழுத்துப் போட்டுத் தரேன் சார்” என்றார். நான் வேண்டாம் என்றேன். அது எழுத்தில் கொடுக்கும் பொய். வங்கிக் கணக்கில் பணம் மாறிய தேதியும் விற்பனைக் கடிதத்தின் தேதியும் அதைப் பொய் என்று காட்டிவிடும். அதற்கும் மேலாக, என் கவனக்குறைவுக்காக இன்னொருவரைப் பொய்க் கையெழுத்துப் போட வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சர்வேயரிடம் உண்மையைச் சொன்னதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் ஒருவர் சென்னையில் இருக்கிறார் என்பதும், நிறுவனம் மறுத்தாலோ ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ கட்டணமின்றி அவரிடம் முறையிடலாம் என்பதும் எனக்குத் தெரியும். அங்கே போவதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம் என்று, என் பழைய காருக்குப் பாலிசி கொடுத்த கிளை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் அம்மா, இருபது ஆண்டுகளுக்கு மேல் மோட்டார் பிரிவில் இருப்பவர். மறுப்புக் கடிதத்தைப் படித்துவிட்டு, “இது வேறு கம்பெனி கடிதம் என்றாலும் சொல்கிறேன் சார், இதில் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது” என்று தொடங்கி, அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதைப் பிறகு நானே படித்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

பாலிசி என்பது ஒரே தாளாக இருந்தாலும், வண்டி கைமாறிய அந்த நொடியில் அது மூன்று துண்டாகி மூன்று திசையில் பிரிகிறது என்பதுதான் நான் அன்று கற்றுக்கொண்டது.

முதல் துண்டு, மூன்றாம் நபர் காப்பீடு. நம் வண்டியால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ உடைமைக்கோ நேரும் கேட்டுக்கான இந்தப் பகுதி வண்டியோடு போகிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆம் பிரிவு, உரிமை மாறிய தேதியிலிருந்தே காப்பீட்டுச் சான்றிதழும் பாலிசியும் வாங்கியவர் பெயருக்கு மாறியதாகவே கொள்ளப்படும் என்கிறது. விபத்தில் அடிபட்ட வழிப்போக்கர், வண்டி எந்தத் தேதியில் யார் கைக்கு மாறியது என்ற வழக்கில் சிக்கி இழப்பீடு இல்லாமல் நிற்கக் கூடாது என்பதே இதன் நோக்கம். அன்று மழையில் யாராவது அடிபட்டிருந்தால் அவர் கைவிடப்பட்டிருக்க மாட்டார் என்று அறிந்தபோதுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

இரண்டாவது, நம்முடைய வண்டிக்கு நேரும் சேதத்துக்கான பகுதி. இது தானாக யாரோடும் போவதில்லை. வாங்கியவர் எழுத்தில் விண்ணப்பித்து, விற்றவர் ஒப்புதல் கொடுத்து, நிறுவனம் ஏற்று, பாலிசியில் செய்த மாற்றத்தைக் குறிக்கும் எண்டார்ஸ்மென்ட் என்ற தாளை வழங்கினால்தான் அது வாங்கியவரைச் சேரும். சட்டத்தில் ‘மாறியதாகக் கொள்ளப்படும்’ என்று இருக்கும் சொற்கள் மூன்றாம் நபர் பொறுப்புக்கு மட்டுமே பொருந்தும், சொந்தச் சேதத்துக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1990-களிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. விண்ணப்பிப்பதற்குக் கெடு, உரிமை மாறிய நாளிலிருந்து 14 நாள். ஆர்.சி.யில் பெயர் மாறிய நாளிலிருந்து இந்த 14 நாளை எண்ணக் கூடாது. வண்டியை வாங்கிய நாளிலிருந்தே எண்ண வேண்டும். நான் மோதியது 23-ஆவது நாள்.

மூன்றாவது, நோ கிளெய்ம் போனஸ். இது வண்டிக்கு உரியதன்று, மனிதருக்கு உரியது. ஓர் ஆண்டு கிளெய்ம் இல்லாமல் கழிந்தால் 20 விழுக்காட்டில் தொடங்கி, 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாம் ஆண்டு முடிவில் 50 ஆகிறது. சொந்தச் சேதப் பிரீமியத்தில் மட்டும் கழிவாகக் கிடைக்கும் இது, விற்றவரோடு வீடு திரும்பிவிடுகிறது. சத்துவாச்சாரிக்காரரின் பாலிசியில் 45 விழுக்காடு போனஸ் இருந்தது. அந்தப் பாலிசி என் பெயருக்கு மாற வேண்டுமானால், எனக்கு உரிமையில்லாத அந்தக் கழிவின் மீதி நாள் கணக்கை நான் கட்டியாக வேண்டும். அவருடைய வண்டிக்குச் சொந்தச் சேதப் பிரீமியம் ஆண்டுக்கு ஏறத்தாழ 14,000 ரூபாய். அதில் 45 விழுக்காடு 6,300. வாங்கிய மறுநாளே விண்ணப்பித்திருந்தால் மார்ச் 9 வரை 139 நாள். அந்த நாள்களுக்கு ஏறத்தாழ 2,400 ரூபாயும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் ஆகியிருக்கும். புதிய சான்றிதழுக்குப் பழைய கட்டண விதிப்படி 50 ரூபாய். மூவாயிரத்துக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை.

கிளெய்ம் ஏற்கப்பட்டிருந்தாலும் 46,300 ரூபாயும் முழுமையாக வந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். தேய்மானக் கழிவு இல்லாத ஜீரோ டெப் சேர்க்கை அந்தப் பாலிசியில் இல்லை. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதியும், நான்கு ஆண்டு தாண்டிய வண்டியின் இரும்புப் பாகங்களுக்கு 35 விழுக்காடும் கழித்துக்கொண்டு, 1,500 சி.சி.க்கு உட்பட்ட வண்டி என்பதால் கட்டாயக் கழிவு 1,000 ரூபாயையும் எடுத்துவிட்டுத்தான் தந்திருப்பார்கள். ஆயினும் பாதிக்கு மேல் வந்திருக்கும். அதை நான் இழந்தேன். முழுச் செலவையும் கையிலிருந்து கட்டினேன்.

பணத்தை விட என்னை உலுக்கிய ஒன்றை அந்த அலுவலர் அம்மாதான் சுட்டிக்காட்டினார். வண்டி உரிமையாளர் தாமே ஓட்டுகையில் நேரும் விபத்துக்கு 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் காப்பீடு பொதுவாகப் பாலிசியோடு சேர்ந்து வருகிறது. அப்படி வருவது பாலிசியில் உள்ள உரிமையாளருக்கு மட்டுமே, அந்த வண்டிக்கு மட்டுமே. வாங்கிய வண்டியின் பாலிசியில் இருந்தது விற்றவரின் பெயரும் அவர் நியமித்த வாரிசின் பெயரும். என் பாலிசி என் பழைய வண்டியோடு கட்டப்பட்டிருந்தது. அந்த மழை மாலையில் எனக்கு ஏதாவது ஆகியிருந்தால், இரண்டு பாலிசிகளுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தும் என் மனைவியின் கைக்கு அந்தப் பதினைந்து லட்சம் வந்திருக்காது. அன்று இரவு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

இனி என்ன செய்வது என்று கேட்டேன். பழைய காரை என் தங்கை கணவருக்குக் கொடுப்பதாக ஏற்கெனவே பேசியிருந்தோம். சித்தூரிலிருந்து ஒருவர் கூடுதல் விலைக்குக் கேட்டார். வேலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊர்தான் என்றாலும் அது வேறு மாநிலம். 28 எண் படிவத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, ஆந்திரத்தில் மறுபதிவு நடந்து முடியும்வரை வண்டி என் பெயரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும் என்பதால் மறுத்துவிட்டேன். இப்படியாக, பழைய வண்டி கைவிட்டுப் போகும் நிலையில், ஜூன் வரை காலமுள்ள என் பாலிசியை எப்படிப் பயன்படுத்துவது என்பதே கேள்வி.

அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, என் பாலிசியை ரத்துச் செய்துவிட்டு, போனஸுக்கான சான்றுக் கடிதத்தை வாங்கிக்கொண்டு, புதிய வண்டிக்குப் புதிய ஓராண்டு பாலிசி எடுப்பது. 2024 ஜூன் 11 அன்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கைக்குப் பிறகு, ஓராண்டு பாலிசியில் கிளெய்ம் எதுவும் இல்லாதபோது, காரணம் கேட்காமல் ரத்துச் செய்து, மீதி நாள்களுக்கு உரிய பிரீமியத்தை விகிதப்படி திருப்பித் தர வேண்டும். முன்பெல்லாம் குறுகிய கால அட்டவணை என்று ஒன்றை வைத்து, எட்டு மாதம் ஓடிய பாலிசியில் ஏறக்குறைய எதுவுமே திரும்பாத நிலை இருந்தது. அதை நினைத்தால் இது பெரிய மாற்றம். போனஸ் கடிதம் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அதாவது இன்று வண்டியை விற்றுவிட்டு இரண்டு ஆண்டு கழித்து வேறு வண்டி வாங்கினாலும் அந்த 50 விழுக்காட்டைப் பயன்படுத்தலாம். ஆனால் பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காமல் சும்மா விட்டுவிட்டால் போனஸ் கரைந்துவிடும்.

மற்றொன்று, பாலிசியை ரத்துச் செய்யாமல், அதில் உள்ள வண்டியை மட்டும் எடுத்துவிட்டுப் புதிய வண்டியை வைப்பது. வண்டி மாற்றம் என்று பாலிசி விதிகளிலேயே இதற்கு இடமிருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. பலருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் பிறகு எங்கள் பள்ளியில் கேட்டபோது ஒருவர்கூட அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. இரண்டு வண்டிகளும் ஒரே வகையாக இருக்க வேண்டும்; காருக்குக் கார்தான், இருசக்கர வண்டிக்குக் கார் ஆகாது. பிரீமிய வேறுபாட்டை மீதி நாள் கணக்கில் கட்ட வேண்டும். முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு: விலக்கப்படும் வண்டி முழுச் சேதமாகி ஒழிந்திருந்தாலொழிய, அது வேறு காப்பீட்டில் தொடர்கிறது என்பதற்கு முதலில் சான்று காட்ட வேண்டும். சாலையில் ஒரு வண்டி காப்பீடே இல்லாமல் விடப்படுவதைத் தடுக்கவே இந்த நிபந்தனை. எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

நான் இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுத்தேன். ஜீரோ டெப் போன்ற சேர்க்கைகளைப் பாலிசியின் நடுவில் தர முடியாது, அடுத்த புதுப்பிப்பில்தான் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தக் குறை வேண்டாம் என்பவர்களுக்கு ரத்துச் செய்து புதிதாக எடுப்பதே நல்லது. எனக்கோ அந்த மாதம் ஒர்க்ஷாப் செலவுக்குப் பிறகு கையில் பணம் குறைவு. கணக்கு இப்படி வந்தது. புதிய வண்டிக்கு 6,80,000 ரூபாய் மதிப்பிட்டு, 50 விழுக்காடு போனஸ் கழித்து, சொந்தச் சேதப் பிரீமியம் ஆண்டுக்கு 7,000. பழைய வண்டிக்கு நான் கட்டியிருந்தது 3,200. வேறுபாடு 3,800. டிசம்பர் 11 முதல் ஜூன் 17 வரை 189 நாள் என்பதால், கட்ட வேண்டியது 1,968 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், மொத்தம் 2,322. மூன்றாம் நபர் பிரீமியத்தில் மாற்றமில்லை. பழையது 1,197 சி.சி., புதியது 1,497 சி.சி.; 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1,000-க்கு மேல் 1,500 வரை உள்ள கார்களுக்கு 3,416 ரூபாய். புதியது 1,500-ஐத் தாண்டியிருந்தால் அது 7,897 ஆகியிருக்கும். வண்டி வாங்கும்போது நிறத்தையும் மைலேஜையும் பார்க்கிற நாம் ஆர்.சி.யில் இருக்கும் இந்த ஓர் எண்ணையும் பார்த்துவைப்பது நல்லது. ஆண்டுதோறும் அதற்குத்தான் பணம் கட்டப்போகிறோம்.

வேலை நடந்த முறையையும் சொல்லிவிடுகிறேன். மார்கழி பிறந்தால் வண்டி கைமாற்ற மாட்டார்கள் என்பதால், கார்த்திகைக்குள் முடிக்க வேண்டும் என்று ஆம்பூரில் தங்கை வீட்டில் அவசரப்பட்டார்கள். டிசம்பர் 6 அன்று வாங்கிய வண்டியின் ஆர்.சி. என் பெயருக்கு மாறிவிட்டது. 8-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். “மச்சான், உங்க இன்சூரன்ஸே ஜூன் வரைக்கும் ஓடட்டுமே, எனக்கு எதுக்குத் தனியா?” என்று கேட்டார். இரண்டு மாதத்துக்கு முன் நான் கேட்டிருக்கக்கூடிய அதே கேள்வி. அவரை உட்கார வைத்து மறுப்புக் கடிதத்தைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் படித்துவிட்டு, சாவியை வாங்குவதற்கு முன்பே தம் பெயரில் பாலிசி எடுத்தார். பல ஆண்டுகளாகக் கிளெய்ம் இல்லாமல் ஓட்டிய தம் மோட்டார் சைக்கிளின் போனஸைக் காருக்குத் தரமாட்டார்களா என்று கேட்டார். வகை வேறு என்பதால் முடியாது என்றார்கள். போனஸ் இருப்பதாகச் சும்மா குறித்துக்கொள்ளுங்கள், யாரும் பார்ப்பதில்லை என்று அவருக்கு ஒரு முகவர் சொல்லியிருந்தார். அதைச் செய்யவே கூடாது. புதிய நிறுவனம் பழைய நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்யும். பொய் என்று தெரிந்தால் சொந்தச் சேதப் பகுதியின் பயன் முழுவதும் பறிபோகும் என்று நாம் கையெழுத்திடும் உறுதிமொழியிலேயே இருக்கிறது.

அவருடைய புதிய பாலிசியின் நகல், விற்பனைக் கடிதம், என் பெயருக்கு மாறிய ஆர்.சி., பழுது பார்த்து முடித்த வண்டியின் நான்கு பக்கப் படங்கள், சேசிஸ் எண்ணின் படம் ஆகியவற்றோடு 9-ஆம் தேதி விண்ணப்பித்தேன். நேரில் கொடுத்ததோடு நிற்காமல், நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். 11-ஆம் தேதி எண்டார்ஸ்மென்ட் வந்தது. அதில் வண்டி எண், எஞ்சின் எண், சேசிஸ் எண், வாரிசு பெயர் நான்கையும் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தேன். சேசிஸ் எண்ணில் ஓர் எழுத்து தவறியிருந்ததைத் திருத்தி வாங்கினேன்.

இதற்கிடையே, எண்டார்ஸ்மென்டுக்குக் காத்திருந்த வேளையில், 10-ஆம் தேதி விடியற்காலை என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்திருந்தது: பள்ளிகொண்டா சுங்கச் சாவடியில் என் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருக்கிறது. நான் வீட்டில் படுத்திருந்தேன். பழைய காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக்கைக் கிழிக்க மறந்துவிட்டேன். மாப்பிள்ளை ஆம்பூரிலிருந்து வேலூருக்கு யாரையோ ரயிலேற்ற வந்திருக்கிறார். தொகை சிறியது. ஆனால் அந்தச் செய்தி எனக்கு வேறொன்றை நினைவூட்டியது. அந்த வண்டியின் ஆர்.சி. இன்னும் என் பெயரில்தான் இருந்தது. வண்டி பலமுறை கைமாறிவிட்டிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையதே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால்தான் விற்றவர் 14 நாளுக்குள் 29 எண் படிவத்தில் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வெளிமாநிலம் என்றால் 45 நாள், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. அன்றே ஃபாஸ்டேக் கணக்கை மூடினேன். அந்த வாரமே மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு பெயர் மாற்ற வேலையைத் தொடங்கி, பொங்கலுக்குள் முடித்தேன்.

பழைய வண்டியைத் தெரிந்தவருக்கு விற்காமல் வியாபாரியிடம் கொடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் வியாபாரி அதை எத்தனை மாதம் வைத்திருப்பார், யார் யார் ஓட்டிப் பார்ப்பார்கள் என்பது நமக்குத் தெரியாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைக்கையில் 29சி எண் படிவத்தை இணையவழியில் பதிவுசெய்துவிட்டால், அந்த வண்டி விற்கும்வரை அவரே உரிமையாளராகக் கொள்ளப்படுவார். அங்கீகாரம் இல்லாதவரிடம் வெறும் கையெழுத்துத் தாளோடு வண்டியைக் கொடுத்துவிட்டு வருவது, அதன் பொறுப்பு முழுவதையும் நம் தலையிலேயே வைத்துக்கொண்டு வருவதாகும்.

புத்தம் புதிய வண்டிக்கு மாறுபவர்களுக்கு என் அனுபவம் ஓரளவே பொருந்தும். 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால் ஷோரூமில் புதிய பாலிசிதான் எழுதுவார்கள். சாலைப் பாதுகாப்புக்காகக் கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் இராஜசேகரன் தொடுத்த வழக்கில் வந்த உத்தரவு அது. அவர்கள் செய்ய வேண்டியது, பழைய பாலிசி நிறுவனத்திடமிருந்து போனஸ் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி, ஷோரூமில் பாலிசி அச்சாகும் முன் கொடுத்துவிடுவதுதான். புதிய வண்டியில் சொந்தச் சேதப் பிரீமியம் அதிகம். கழிவும் அதற்கேற்ப அதிகம்.

விட்டுப்போன ஒன்று, சத்துவாச்சாரிக்காரரின் பாலிசி. என் பாலிசி வாங்கிய வண்டிக்கு மாறியபின், அதே வண்டிக்கு அவர் பெயரில் ஒரு பாலிசி மார்ச் வரை வீணாக ஓடிக்கொண்டிருந்தது. என் எண்டார்ஸ்மென்ட் நகலை ஓசூருக்கு அனுப்பி, அதைக் காட்டி ரத்துச் செய்துகொள்ளச் சொன்னேன். நவம்பரில் ஒரு கிளெய்ம் பதிவாகியிருப்பதால் பணம் திரும்பாது என்று முதலில் அவருக்குப் பதில் வந்தது. பணம் எதுவும் தராமல் மறுத்த கடிதத்தின் நகலை இணைத்து மீண்டும் எழுதச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து மீதி நாள்களுக்கான தொகையும், 45 விழுக்காடு போனஸுக்கான சான்றுக் கடிதமும் அவருக்கு வந்துசேர்ந்தன. பிப்ரவரியில் அவர் ஓசூரில் வேறொரு கார் வாங்கியபோது, பணம் கொடுப்பதற்கு முன் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். அந்த வண்டியின் பாலிசியில் யார் பெயர் இருக்கிறது என்பதில் தொடங்கி, சேசிஸ் எண் வரைக்கும் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.